பெற்றோலோடு சேர்த்து ஒரு கொத்து

பின்னேரம் ஆறு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டவை பன்னிரண்டு சிவப்புப் பிளாஸ்டிக் கதிரைகள். ஒன்றிலும் ஆளில்லை. அவற்றுக்குப் பின்னால் என் தம்பியின் சாப்பாட்டு வண்டி, மஞ்சள் பல்ப் மாலை போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் வரக் காத்திருக்கும் வீடு மாதிரி நின்றது. தம்பி அதன் ஜன்னலில் முழங்கையை ஊன்றி வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீதி அவனைப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தது.

இடம் இணுவில், காங்கேசன்துறை வீதி ஓரம். வண்டி திறந்து மூன்றாவது கிழமை. திறந்த அன்று கூட்டம் இருந்தது. நாடா வெட்டினார்கள், படம் எடுத்தார்கள், இலவசமாகக் கொடுத்ததைச் சாப்பிட்டார்கள். நான் பல வருடம் பத்திரிகையில் வேலை செய்தவள். திறப்பு விழாச் செய்தி நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். திறந்த பிறகு என்ன நடந்தது என்று ஒன்றுகூட எழுதியதில்லை. நாடா வெட்டியதும் நாங்களும் போய்விடுவோம்.

வண்டி முன்பு மீன் ஏற்றிய கூலர் லொறி. தம்பி அதை வாங்கி, பக்கத்தை வெட்டி ஜன்னல் வைத்து, உள்ளே கொத்து ரொட்டி அடிக்கும் இரும்புத் தட்டும் காஸ் அடுப்பும் பொருத்தி, வெளியே பச்சை நிறம் அடித்திருந்தான். மழை பெய்தால் பழைய தொழில் இலேசாக மணக்கும். மற்றபடி நல்ல வண்டி.

தம்பி சுவிசில் உணவகச் சமையலறைகளில் பதினைந்து வருடம் நின்றவன். அங்கே அவனுக்கு வதிவிட அனுமதி இருந்தது. கொஞ்சக் காலம் வெளியே தங்குவதற்கு எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு மனைவியோடு வந்திருந்தான். அந்தத் தவணை ஜனவரி கடைசியோடு முடியும். அதற்குள் திரும்பினால் பழைய வேலையும் பழைய வீடும் இருக்கும். திரும்பாவிட்டால் அந்தக் கதவு சாத்தப்படும், பிறகு தட்டிப் பயனில்லை. அவன் மனைவி, என் மச்சாள், விஷயத்தை ஒரே வசனத்தில் முடித்து வைத்திருந்தாள்: "வண்டி நிண்டால் நாங்களும் நிப்பம். இல்லாட்டி வெளிக்கிடுவம்."

ஏன் வந்தாய் என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"அங்கை பக்கத்து வீட்டுக்காரன் காலமை வணக்கம் சொல்லுவான் அக்கா. பதினஞ்சு வருசமா அதே வணக்கம். ஒரு நாளாவது 'எங்கை வெளிக்கிட்டாச்சு?' எண்டு கேட்டிருப்பானோ? இஞ்சை பாருங்கோ, சந்திக்குப் போய்வர ஒரு மணித்தியாலம் எடுக்குது. வழியெல்லாம் ஆக்கள் மறிச்சுக் கதைக்கினம்."

மறித்துக் கதைத்தார்கள், உண்மைதான். கொத்து வாங்கவில்லை, அதுவும் உண்மை.

முதல் பிழை தராசு. சுவிசில் எல்லாவற்றையும் நிறுத்துப் பழகிய தம்பி, ஆளுக்கு நானூறு கிராம் என்று கணக்கு வைத்திருந்தான். கொத்துப் போட வந்தவர் சுன்னாகத்துக்காரர், ரொட்டி கொத்தும் இரண்டு தகட்டையும் தட்டில் அடித்தால் அரை மைலுக்குக் கேட்கும். அவர் தராசைப் பார்த்துவிட்டுத் தகடுகளைக் கீழே வைத்தார்.

"முதலாளி, இது கொத்தோ பவுணோ?"

யாழ்ப்பாணத்தில் கொத்து என்பது தனி மனிதருக்கான உணவு அல்ல. அது ஒரு குடும்ப அலகு. ஒரு பார்சலை வீட்டுக்குக் கொண்டுபோய், மூன்று கோப்பையில் போட்டு, பாணும் முட்டையும் சேர்த்து நாலு பேர் சாப்பிடுவதற்கு உரியது. குழம்பு தனியாக, கேட்காமலே, இரண்டு பை. இந்தச் சட்டம் எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் மீறியவரை ஊர் மன்னித்ததில்லை.

அன்று நான் கதிரையில் இருந்தபோது ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. எஞ்சினை நிறுத்தவில்லை. பின்னால் மனைவி.

"தம்பி, கோழிக் கொத்து என்ன விலை?"

"எண்ணூற்றைம்பது அண்ணை."

"எத்தினை பேர் சாப்பிடலாம்?"

"ஒராள்."

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். மறுபடி தம்பியைப் பார்த்தார்.

"ஒராளோ? ஆர் அந்த ஆள்?"

மோட்டார் சைக்கிள் போய்விட்டது. தம்பி அடுத்த நாளே தராசை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். அளவு கூடியது, விலை அப்படியே இருந்தது. கதிரைகளும் அப்படியே இருந்தன.

எங்கள் ஒழுங்கையில் ஒரு ரீச்சர் இருக்கிறார். மிஷன் பள்ளிக்கூடத்தில் உப அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கும் தம்பிக்கும் ஆங்கிலம் படிப்பித்தவர், முள்ளுக்கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது என்பதையும் சேர்த்து. அவர் ஒரு பின்னேரம் குடையோடு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். பள்ளிக்கூடக் கழிவறையைப் பரிசோதிக்கும் அதே நடை.

"வடிவாத்தான் செய்திருக்கிறாய் ராசா. லைற்றும் நல்லாயிருக்கு. ஆனா றோட்டிலை இருந்து வாயைத் திறந்து சாப்பிட, எங்கடை சனத்துக்கு என்ன வீடு வாசல் இல்லையே?"

"ஒருக்கா இருந்து பாருங்கோ ரீச்சர். காசு வேண்டாம்."

"காசில்லையடா பிரச்சினை. போறவாற பஸ் முழுக்கப் பாக்கும்."

அதுதான் விஷயம் என்று அப்போது எங்களுக்கு விளங்கியிருக்க வேண்டும். தம்பி விலையைக் குறைத்தான். நூறு ரூபா குறைத்ததற்கு இரண்டு பேர் கூடுதலாக வந்தார்கள். அவர்களும் பார்சல்தான். அதிலும் ஒருவர், தம்பி ஆசையாக அச்சடித்து வைத்திருந்த பச்சை வண்டிப் படம் போட்ட பையைக் கண்டதும் கையைப் பின்னால் இழுத்தார்.

"உந்தப் படம் போட்ட பை வேண்டாம் தம்பி. கறுத்தப் பை இருக்கோ?"

கறுத்தப் பை சாராயக் கடையில் கொடுப்பது. என் தம்பியின் கொத்தைக் கொண்டுபோவதைவிட ஒரு போத்தலைக் கொண்டுபோவது மரியாதை என்று அந்த மனிதர் தீர்மானித்திருந்தார். மச்சாள் அதற்கு விளக்கம் சொன்னாள்: "போத்தல் எண்டால் 'ஆரோ விருந்தாள் வந்திருக்கினம்' எண்டு நினைப்பினம். கொத்து எண்டால் 'மனிசி அடுப்பு மூட்டேல்லை, வீட்டிலை சண்டை' எண்டு நினைப்பினம்."

ஒக்ரோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் மச்சாளும் நானும் கீரிமலைக்குப் போனோம். கடற்காற்று வாங்க என்று சொல்லிக்கொண்டோம். கேணியைத் தாண்டி, கடலைப் பார்த்தபடி, ஒரு சாப்பாட்டு வண்டி நின்றது. எங்களுடையதைவிடச் சின்னது, துருப்பிடித்தது, பல்ப் இரண்டே இரண்டு. கோயில் பக்கம் என்பதால் மச்சம் இல்லை, மரக்கறிக் கொத்து மட்டும். விலை தொள்ளாயிரம். இருக்க இடமில்லாமல் சனம் கல்லில் இருந்து சாப்பிட்டது.

மூன்றாவது கல்லில் ரீச்சர் இருந்தார். மடியில் லேஞ்சி விரித்திருந்தார். கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் கண்கள் சந்தித்தன. ரீச்சர் கடல் பக்கம் திரும்பி, அங்கே ஏதோ கப்பல் வருகிற மாதிரிப் பார்த்தார். கப்பல் எதுவும் வரவில்லை. நாங்களும் மரியாதைக்குக் கடலைப் பார்த்தோம். அந்தப் பக்கம் இணுவில்காரர் இன்னும் இரண்டு குடும்பம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் வண்டிக்காரரிடம் போனேன். "ஊர் ஆக்களெல்லாம் நல்லா வருகினம் போலை?"

"எங்கடை ஊர் ஆக்களோ?" அவர் சிரித்தார். "கீரிமலை ஆக்கள் ஒருத்தரும் இஞ்சை வாறேல்லை அக்கா. அவை வடிவா வெளிக்கிட்டு அச்சுவேலிக்குப் போவினம். அங்கை ஒரு வண்டி நிண்டது. இப்ப அந்த வண்டிக்காரர் கனடாவுக்குப் போயிட்டார்."

திரும்பி வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். இணுவிலில் இருந்து கீரிமலைக்குக் காரில் போய்வர இரண்டு லீற்றர் பெற்றோல். கொத்துக்குத் தொள்ளாயிரம், பெற்றோலுக்கு ஏறத்தாழ அறுநூறு. ஒழுங்கை முகப்பில் எழுநூற்றைம்பதுக்கு நின்ற கோழிக் கொத்தை விட்டுவிட்டு, ரீச்சர் ஒரு மரக்கறிக் கொத்துக்கு ஆயிரத்தைந்நூறு ரூபா செலவழித்திருந்தார். சாப்பாட்டு வண்டியில் கொடுத்த காசுக்குப் பெறுமதி உண்டா என்று யாராவது என்னிடம் கேட்டால், இந்தப் பெண்மணியைத்தான் காட்டுவேன். விலைவாசி பற்றி ஒழுங்கை முழுவதற்கும் பாடம் எடுப்பவர். அவர் முகத்தில் நட்டப்பட்ட களையே இல்லை.

மச்சாள் இருக்கையில் நிமிர்ந்தாள். "எங்கடை சனத்துக்குக் கொத்து விருப்பம். எங்கடை ஊரிலை வைச்சுத்தான் விருப்பமில்லை."

அன்றிரவே தம்பியோடு கதைத்தோம்.

"அச்சுவேலியோ? அங்கை எனக்கு ஒருத்தரையும் தெரியாதே."

"அதுக்குத்தானப்பா," என்றாள் மச்சாள்.

"ஊரிலை தொழில் செய்யவெண்டு வந்திட்டு..."

"இஞ்சரப்பா, ஜனவரிக்கு இன்னும் எத்தினை நாள் கிடக்கு? நீங்கள் ஊரிலை நிக்கலாம். வண்டி நிக்கேலாது."

நவம்பரில் வண்டி அச்சுவேலிச் சந்தைக்குக் கிட்ட, பூட்டிக் கிடந்த ஒரு கடை முற்றத்துக்குப் போனது. அந்தச் சனிக்கிழமை ஏழு மணிக்கு முன்னரே பன்னிரண்டு கதிரையும் நிரம்பிவிட்டன. பழைய தொழிற்புத்தி விடவில்லை, நான் ஒவ்வொருவராக எங்கிருந்து வருகிறார்கள் என்று விசாரித்தேன். கொக்குவில், மானிப்பாய், சுன்னாகம், உடுவில். இரண்டு குடும்பம் எங்கள் இணுவில். அச்சுவேலிக்காரர் எதிர்ப்பக்கம் சைக்கிளைச் சாத்திவிட்டு நின்று பார்த்தார்கள். அவர்கள் எந்த ஊருக்குப் போய்ச் சாப்பிடுகிறார்கள் என்று அன்று தெரியவில்லை. எங்கேயோ போகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மூன்று கிழமை நல்ல வியாபாரம். மச்சாள் விமான ரிக்கற் பற்றிக் கதைப்பதை நிறுத்தினாள். அப்போதுதான் தம்பி, ஆசை மிகுதியில், ஒரு பலகை எழுதி வண்டியில் மாட்டினான். இணுவில் ஆட்களுக்குப் பத்து வீதம் விலைக்கழிவு.

பலகை மட்டும் என்றால் தப்பியிருப்பான். அன்று பார்த்து ரீச்சர் வந்தார். கூடவே அவருடைய தங்கையும் தங்கையின் கணவரும். கார் கதவு திறந்தது, ரீச்சரின் ஒரு கால் நிலத்தில் பட்டது. அவ்வளவுதான்.

"ரீச்சர்! வாங்கோ, வாங்கோ!" தம்பி ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிவிட்டான். "எங்கடை ரீச்சர்! எனக்கு ஏ, பீ, சீ சொல்லித் தந்த ஆள்! அண்ணை, உந்தக் கதிரையை ஒருக்கா விடுங்கோ, எங்கடை இணுவில் ஆக்கள் வந்திருக்கினம்!"

பன்னிரண்டு கதிரையும் திரும்பின. கொத்து அடிக்கிற சத்தம் நின்றது. ரீச்சர் இரண்டாவது காலை வெளியே வைக்கவே இல்லை.

"நாங்கள் ஒரு செத்தவீட்டுக்கு வந்தனாங்கள் தம்பி," என்றார். "தண்ணிப் போத்தல் ஒண்டு தாரும்."

தம்பி என்று அவர் அவனை அதற்கு முன் அழைத்ததில்லை. தாரும் என்றும் சொன்னதில்லை. எப்போதும் ராசா, தாடா. தண்ணீரை வாங்கிக்கொண்டு, செத்தவீட்டுக்குப் போகிறவர் சாதாரணமாகக் கட்டாத மஞ்சள் சேலையோடு, வந்த வழியே திரும்பிப் போனார். கதிரையில் இருந்த மற்ற இணுவில் குடும்பம் பாதிச் சாப்பாட்டோடு எழுந்து கை கழுவியது.

அடுத்த சனிக்கிழமை இணுவிலில் இருந்து ஒருவரும் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை கொக்குவிலும் நின்றுவிட்டது. செய்தி பரவும் வேகத்தில் எங்கள் பத்திரிகை ஒருநாளும் ஓடியதில்லை.

"முதலாளி," என்றார் கொத்துக்காரர், வெங்காயம் வெட்டியபடி, "நீங்கள் கொத்து வித்தமாதிரித் தெரியேல்லை. ஆக்களைப் பிடிச்சுக் குடுத்தமாதிரிக் கிடக்கு."

"தெரிஞ்ச ஆளை வா எண்டு கேக்கிறதும் குற்றமோ?"

"தெரிஞ்ச ஆளெண்டால் வீட்டுக்குக் கூப்பிடுங்கோ. கடைக்கு வாறவை தெரியாத ஆக்களாத்தான் வருவினம்."

 தம்பி வீட்டுக்கு வந்து, முற்றத்தில் செருப்பைக் கழற்றாமல் நின்றபடி சொன்னான்: "ஒருத்தரையும் தெரியாதமாதிரி நிக்கிறதெண்டால் நான் அங்கையே நிண்டிருப்பனே அக்கா. அங்கை அதுக்குச் சம்பளமும் குடுத்தவங்கள்."

 பதிலை மச்சாள் செய்து காட்டினாள். அடுத்த நாள் பலகை கழன்றது. பல்ப் மாலையில் பாதி கழன்றது. கதிரைகள் வீதிக்கு முதுகைக் காட்டி, பூட்டிய கடையின் சுவரைப் பார்த்துத் திரும்பின. படம் போட்ட பைகள் வீட்டில் மரக்கறி கட்டப் போயின. ஜன்னலுக்கு மச்சாள் வந்தாள். தம்பி உள்ளே ரொட்டி தட்டப் போனான்.

மச்சாள் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவள்தான், ஆனால் யாரையும் தெரியாத முகம் ஒன்று அவளிடம் இருந்தது. எங்கிருந்து எடுத்தாளோ தெரியாது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வந்து நின்றபோதும், "எவடத்தாலை வாறியள் அண்ணை?" என்று கேட்டாள். அவர் நன்றியோடு, "தெல்லிப்பழைப் பக்கம்," என்றார். அதே மனிதர் அன்று காலையில் எங்கள் கிணற்றடி வேலியைப் பற்றி அவளோடு அரை மணித்தியாலம் சண்டை பிடித்திருந்தார்.

விலையைத் தொள்ளாயிரத்தைம்பது ஆக்கினாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதே விலைக்குச் சந்தைச் சாப்பாட்டுக் கடையில் மீன் குழம்போடு இரண்டு சோற்றுப் பார்சல் வாங்கலாம், வயிறு நிறையும், அப்பளமும் தருவார்கள். அங்கே வாசல் வீதியைப் பார்த்திருக்கிறது. டிசம்பர் நடுப்பகுதியில் இணுவில் திரும்பி வந்தது. ரீச்சரும் வந்தார். மச்சாள் அவரிடமும் எந்த ஊர் என்று கேட்டாள். ரீச்சர் பருத்தித்துறை என்றார், கொஞ்சமும் தடுமாறாமல். சுவரைப் பார்த்த கதிரையில் இருந்து ஆறுதலாகச் சாப்பிட்டு, குழம்பு இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்.

ஜனவரி முதல் ஞாயிறு மச்சாளுக்குக் காய்ச்சல். தம்பி ஜன்னலில் நின்றான், நான் உதவிக்குப் போனேன். எட்டு மணியளவில் ஒரு வான் வந்தது. இறங்கியவர் தம்பியோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர். சுவிசில் இருந்தபோது தம்பி கிழமைக்கு ஒருமுறை போனில் கதைத்த ஒரே ஆள். அவன் வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் மாலையோடு நின்றவர். பின்னால் மனைவியும் இரண்டு பிள்ளைகளும்.

ஜன்னலில் யார் நிற்கிறார் என்று கண்டதும் அவர் நடை பாதியில் நின்றது. தம்பியின் வாய் திறந்ததை நான் பார்த்தேன். அவர் பெயரின் முதல் எழுத்துவரை வந்துவிட்டது.

பிறகு வாயை மூடினான். துணியை எடுத்து ஜன்னல் கட்டையைத் துடைத்தான்.

"எவடத்தாலை வாறியள் அண்ணை?"

அவர் மூச்சு விட்டார். "மானிப்பாய்ப் பக்கம்."

"மானிப்பாய் நல்ல இடம்."

"ஓம். நல்ல இடம்."

"எத்தினை கொத்து?"

"ரெண்டு. பிள்ளையளுக்கு உறைப்புக் குறைச்சு."

அவர்கள் சுவரைப் பார்த்து இருந்து சாப்பிட்டார்கள். தம்பி குழம்பை வழமையைவிடக் கூடுதலாக ஊற்றி அனுப்பினான். போகும்போது சின்னப் பிள்ளை, "மாமா, ராரா!" என்று கையாட்டியது. தாய் அதன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். வான் போய்விட்டது.

"அவனோடை ஒரு வசனம் கதைச்சிருக்கலாமேடா," என்றேன்.

"கதைச்சால் இனி வரமாட்டான் அக்கா."

அதற்குப் பிறகு அவன் ஜன்னலை மச்சாளிடம் விடவில்லை. காய்ச்சல் மாறி அவள் வந்தபோது, "நீர் உள்ளை நில்லும், இதை நான் பாக்கிறன்," என்றான். பொங்கல் முடிந்த கிழமை மச்சாள் கேட்டாள், போவதா நிற்பதா, ரிக்கற் போடுவதென்றால் இப்போதே போட வேண்டும் என்று. அவன் இன்னும் ஆறு கதிரை வாங்க வேண்டும் என்றான்.

ஜனவரி கடைசி நாள் சனிக்கிழமை. வதிவிட அனுமதி அன்றோடு முடிந்தது. அச்சுவேலியில் எட்டரைக்கு முன் கொத்து தீர்ந்துவிட்டது.